பாய் தைக்கப் போனவள்

மார்ச் 2

போனை எடுக்காதவருக்கு,

மூன்று நாளில் பதினோரு தடவை கூப்பிட்டுவிட்டேன். மகளிடம் கேட்டால், "அப்பா போனைக் கவுத்து வெச்சுட்டு உக்காந்திருக்காரும்மா" என்கிறாள். அதனால்தான் கடிதம். லாரியில் போன காலத்தில் நீங்கள் எழுதிப் போட்டீர்கள், நான் வீட்டில் உட்கார்ந்து படித்தேன். இப்போது நான் எழுதுகிறேன், நீங்கள் உட்கார்ந்து படியுங்கள். உங்கள் கடிதம் மூன்று வரியைத் தாண்டியதில்லை. நான் அப்படி எழுதமாட்டேன்.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கடலைப் பார்த்த மாடி வீடு. கீழே சின்னச் சின்னப் பாய்மரப் படகுகள். அதை ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் மாடியில் தங்குகிறார்கள். நடத்துவது ஒரு பெண், நம் மகள் வயதுதான் இருக்கும். எல்லோரும் 'கோச்' என்று கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

ஏற்பாடு என்னவென்று மகள் உங்களுக்கு இரண்டு தடவை சொன்னாள். நீங்கள் டிவி சத்தத்தைக் கூட்டினீர்கள். ஆகவே எழுதிவிடுகிறேன். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம் வேலை. அதற்குப் பதில் கட்டிலும் மூன்று வேளைச் சாப்பாடும். அவர்கள் சம்பளம் தருவதில்லை, நான் வாடகை தருவதில்லை. இரண்டு மாதம். மீதி நேரம் என்னுடையது. கரண்ட் போய்த் தையல் மெஷின் நின்ற நேரத்தைத் தவிர, என்னுடையது என்று எனக்கு எப்போது நேரம் இருந்திருக்கிறது?

இருபத்திரண்டு கட்டிலுக்கு விரிப்பும் தலையணை உறையும் என் பொறுப்பு. துவைக்க, காயப்போட, கிழிந்ததைத் தைக்க. நாலு பேர் அறை, அடுக்குக் கட்டில். எனக்குக் கீழ்க்கட்டில், ஜன்னல் பக்கம். மேலே ஒரு நர்ஸ் பெண். ஒரு ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு, இன்னொன்றில் சேருவதற்குள் ஊர் சுற்ற வந்திருக்கிறாள்.

கடலைப் பார்த்தேன். நான் முன்னால் தைத்த யூனிபார்ம் கம்பெனியில் இருபது மெஷினும் ஒன்றாக ஓடுகிற மாதிரி சத்தம், ஓயவே இல்லை. ஐம்பத்து மூன்று வயதில் பார்க்கிறேன். "அடுத்த டிரிப்புல உன்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்று இருபத்தெட்டு வருஷம் சொன்னீர்கள். நீங்கள் வண்டியை விட்டு இறங்கி இரண்டு வருஷமாகிறது. இனிமேல் ஏது டிரிப்?

பஸ் ஏற்றிவிட நீங்கள் வரவில்லை. தெரு முனை திரும்புகிறவரை நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

டெய்லரம்மா

•

மார்ச் 10

டெய்லரம்மாவுக்கு,

கடிதம் வந்தது. நான் நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

பக்கத்து வீட்டு கிளார்க் கேட்டார், "எங்க, வீட்ல அம்மாவைக் காணோம்?" என்று. மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாய், ஒத்தாசைக்கு என்று சொல்லிவைத்தேன். மறுநாள் காலையில் மகளே அவர் கண் முன்னால் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் சிரித்தார் பார், அதுதான் தாங்கவில்லை.

நான் என்னவென்று சொல்வது? என் மனைவி ஊரான் வீட்டு விரிப்பைத் துவைத்துப் போட்டுவிட்டு அங்கேயே படுத்துக்கொள்கிறாள் என்றா? நீ ஏற்பாடு என்கிறாய். எனக்குத் தெரிந்த தமிழில் அதற்கு வீட்டு வேலைக்காரி என்று பேர். இருபத்தெட்டு வருஷம் லாரி ஓட்டியவனுக்குப் பெண்டாட்டியை ஒரு நாலு நாள் கூட்டிப்போய் லாட்ஜில் வைத்துக் கடலைக் காட்ட வக்கில்லையா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூட்டிப்போயிருப்பேன்.

நம் வீட்டில் விரிப்பு இல்லையா, கட்டில் இல்லையா? அடுக்குக் கட்டிலில் போய்ப் படுக்க என்ன தலையெழுத்து?

முழங்காலுக்குப் போடும் தைலம் எங்கே இருக்கிறது?

டிரைவர்

•

மார்ச் 19

கோபக்காரருக்கு,

தைலம் துணி பீரோவில், மேல் தட்டில், உங்கள் பனியனுக்குப் பின்னால்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்கிறீர்கள். எத்தனை வார்த்தை சொன்னேன் என்று எனக்குத் தெரியும். நீங்கள் கூட்டிப்போய்க் காட்டியிருந்தால் சந்தோஷமாகத்தான் பார்த்திருப்பேன். இப்போது என் கை உழைப்பில் வந்து பார்க்கிறேன். இதில் உங்களுக்கு என்ன குறைச்சல்?

வேலைக்காரி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நாலு தடவை படித்தேன். இங்கே காலை ஏழு மணிக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டுக்கு முடிக்கிறேன். பன்னிரண்டு அடித்ததும் கோச்சே வந்து, "அக்கா, நேரமாச்சு, விடுங்க" என்கிறாள். நம் வீட்டில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. இதைச் சண்டைக்காக எழுதவில்லை. யோசித்துப் பாருங்கள் என்றுதான்.

சரி, ஒரு விஷயம். போன வாரம் கோச் வந்து, "அக்கா, பாய் ஒண்ணு கிழிஞ்சு கெடக்கு, தைப்பீங்களா?" என்றாள். படுக்கிற பாய் என்று நினைத்து, "பாயை யாரும்மா தைப்பாங்க, புதுசா ஒண்ணு வாங்கிப் போடேன்" என்றேன். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அப்புறம்தான் கூட்டிப்போய்க் காட்டினாள். படகுப் பாய். இரண்டு ஆள் உயரம், வெள்ளைத் துணி, கஞ்சி போட்ட மாதிரி மொடமொடவென்று. நடுவில் முழ நீளத்துக்குக் கிழிசல். வழக்கமாக வெளியூருக்கு அனுப்பித் தைத்து வருமாம், வந்து சேர மாதக் கணக்கில் ஆகுமாம்.

துணிதானே என்றேன். இங்கே ஒரு பழைய கால்மெஷின் இருக்கிறது. எண்ணெய் போட்டு, பெல்ட் மாற்றி, வராந்தாவில் பாயை விரித்துவைத்து உட்கார்ந்தேன். கல்யாண ரவிக்கைக்குப் போடுகிற பொடித் தையல், எறும்பு ஊர்கிற மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் மூன்று வரிசை. இரண்டு நாளாயிற்று. ஒட்டுப் போட்ட இடம் எங்கே என்று கோச் விரலால் தடவித்தான் கண்டுபிடித்தாள். நர்ஸ் போட்டோ எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பாயை ஏற்றப் போகிறார்கள்.

ஊரில் எவளாவது படகுப் பாய் தைத்திருக்கிறாளா, கிளார்க்கிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

டெய்லரம்மா

•

மார்ச் 27

என்னங்க,

பாய் கிழிந்துவிட்டது.

கோச்சும் நர்ஸும் போயிருந்தார்கள். கரையில் நின்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கொஞ்ச தூரம் நன்றாகப் போயிற்று. அப்புறம் ஒரு காற்று. துணி கிழிகிற சத்தம் கரைக்குக் கேட்காது, எனக்குக் கேட்டது. படகு பக்கவாட்டில் சாய்ந்து, இரண்டு பேரும் தண்ணீரில். நல்ல வேளை, இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியும். மோட்டார் படகு போய் இழுத்துவர ஒரு மணி நேரமாயிற்று. நர்ஸ் பெண் உதடு நீலமாக வந்து இறங்கினாள். என்னைப் பார்த்து, "ஒண்ணுமில்லம்மா" என்றாள். அவள் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

பாயை விரித்துப் பார்த்தேன். பழைய கிழிசல் விட்டுப்போகவில்லை. என் தையல் வரிசையிலேயே, தபால்தலை ஓரம் மாதிரி, நேராகக் கிழிந்திருந்தது. மூன்று வரிசையும்.

கோச் திட்டவில்லை. "விடுங்கக்கா, நீங்க விரிப்பையே பாத்துக்குங்க" என்றாள். நாற்பது வருஷத்தில் என் தையலை யாரும் விடச் சொன்னதில்லை.

மகளிடம் சொல்லவில்லை. ஆறுதல் சொல்லுவாள். எனக்கு அது வேண்டாம். நீங்கள் தார்ப்பாய் தைத்திருக்கிறீர்கள், நடுவழியில், மழையில், கையாலேயே. அது எப்படி நின்றது? எப்படித் தைப்பீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

டெய்லரம்மா

•

ஏப்ரல் 4

அன்புள்ள டெய்லரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்த அன்றே எழுத உட்கார்ந்தேன். பிறகு எதற்கும் ஒரு தடவை விசாரித்துவிடுவோம் என்று லாரி ஷெட்டுக்குப் போனேன். அங்கே தார்ப்பாய் தைக்கிறவர் இன்னும் இருக்கிறார், காது மட்டும் கேட்கவில்லை. உன் கடிதத்தில் இருப்பதைக் கத்திக் கத்திச் சொன்னேன். ஷெட் முழுக்கக் கேட்டது. அவர் சொன்னதையும் எனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன், கவனமாகப் படி.

நீ ரொம்ப நன்றாகத் தைத்ததுதான் தப்பு. பொடித் தையல் போட்டால் ஊசி போன ஓட்டையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் விழும். ஓட்டைக்கு நடுவில் துணி ஏது? காற்று இழுத்தால் அந்த வழியே வகிர்ந்துகொண்டு போகும். ஆகவே தையலை அகலமாகப் போடு. நேர்கோடாகப் போடாதே, வளைந்து வளைந்து போகட்டும். இழுக்கும்போது துணியோடு நூலும் கொஞ்சம் நகர இடம் வேண்டும்.

ஒட்டுத் துணி கிழிசலைவிட நாலு விரல்கடை பெரிதாக இருக்க வேண்டும், எல்லாப் பக்கமும். மூலையைச் சதுரமாக விடாதே, உருட்டிவிடு. சதுர மூலையில்தான் முதல் கிழிசல் ஆரம்பிக்கும். பஞ்சு நூல் ஆகாது, உப்புத் தண்ணீரில் இற்றுப்போகும். நைலான் நூலை மெழுகுவர்த்தியில் இரண்டு தடவை இழுத்துக்கொள். முக்கியமானது, காற்று எந்தப் பக்கமிருந்து இழுக்கிறது என்று முதலில் பார். அது தெரியாமல் ஊசியை எடுக்காதே.

பார்சலில் என் கோணி ஊசி மூன்று வைத்திருக்கிறேன். உள்ளங்கையில் மாட்டிக்கொள்ளும் தோலும் இருக்கிறது. உன் கைக்குப் பெரிதாக இருக்கும், உள்ளே துணி வைத்துக் கட்டிக்கொள்.

ஒன்று சொல்ல வேண்டும். மகள் ஏழாவது படிக்கும்போது ஒரு தடவை நான் ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அந்த டிரிப்பில் நான் தைத்த ஒட்டு வழியில் விட்டுப்போய் ஒரு லோடு சிமெண்ட் நனைந்துவிட்டது. முழு லோடும் கல்லாகிவிட்டது. லோடு இறக்குகிறவர்கள் அத்தனை பேர் முன்னாலும் முதலாளி, "இவனுக்கு வண்டி கொடுத்ததுக்கு மாட்டுக்குக் கொடுத்திருக்கலாம்" என்றார். வீட்டுக்கு வந்து டிரிப் நல்லபடி முடிந்தது என்று மட்டும் சொன்னேன். அதற்கப்புறம்தான் ஷெட்டில் உட்கார்ந்து தார்ப்பாய் தைக்கக் கற்றுக்கொண்டேன். நான் கற்றுக்கொண்ட கதையே இதுதான். யாரிடமும் சொன்னதில்லை.

வேலைக்காரி என்று எழுதியது தப்பு. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

டிரைவர்

•

ஏப்ரல் 21

என்னங்க,

பார்சல் வந்தது. தோலுக்குள் என் பழைய ரவிக்கைத் துணியை வைத்துக் கட்டிக்கொண்டேன். உங்கள் கைப் பெருவிரல் தேய்ந்த பள்ளம் அதில் அப்படியே இருக்கிறது.

கோச்சிடம் பாயைக் கொடு என்றேன். வேண்டாமென்றாள். "உங்க மேல கோபமில்லக்கா. ஆனா ஆள் ஏறிப் போற விஷயம்" என்றாள். அவள் சொன்னது நியாயம். நான் சொன்னேன், "தச்சுக் குடுக்கறேன். முதல்ல ஏறப்போறது நான். எனக்கு நீச்சல் தெரியாது. அப்ப நம்புவியா?" அவள் பாயை எடுத்துக் கொடுத்தாள்.

முதல் நாள் ஊசியையே தொடவில்லை. கரையில் உட்கார்ந்து மற்றப் படகுகளின் பாய் எங்கே புடைக்கிறது, எங்கே இழுபடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு ஆளுக்கு அளவெடுக்கிற மாதிரிதான். எங்கே பிடிக்கும், எங்கே தொங்கும் என்று பார்ப்பது எனக்குத் தெரிந்த வேலை. அப்புறம் என் தையல் முழுவதையும் பிரித்தேன். பிரிக்க ஒரு நாள், தைக்க நாலு நாள். இரண்டு கோணி ஊசி உடைந்தது. நீங்கள் சொன்ன மாதிரி மூலையை உருட்டினேன். சொல்லாத ஒன்றும் செய்தேன். ரவிக்கைக் கைக்குழியில் இழுப்பு விழாமலிருக்க உள்ளே குறுக்குவாட்டில் ஒரு பட்டி வைப்போம், அதை இதிலும் வைத்தேன். ஷெட்காரரிடம் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகி, படகில் ஏறினேன். கோச் ஓட்டினாள். மாடியில் தங்கியிருந்தவர்கள் எல்லோரும் கரைக்கு வந்து நின்றார்கள். கடலைப் பார்க்கவேயில்லை. என் ஒட்டை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன தடவை கிழிந்த அதே இடம் வந்தது. காற்று அடித்தது. பாய் ஒரே இழுப்பாகப் புடைத்தது. தையல் ஒவ்வொன்றும் இறுகுவது தெரிந்தது. துணி கொஞ்சம் நகர்ந்தது, நூல் கூடவே நகர்ந்தது, நின்றது. படகு ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு பறந்தது. "அக்கா, போதுமா, திரும்பலாமா?" என்றாள் கோச். "இன்னும் கொஞ்சம் போ" என்றேன்.

திரும்பி வந்து இறங்கியபோது நர்ஸ் பெண் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கோச் உள்ளே போய் இன்னும் மூன்று பாயைத் தூக்கிவந்து என் மெஷின் பக்கத்தில் போட்டாள். அடுத்த படகுத் துறையிலிருந்தும் ஆள் வந்து, "பாய் தைக்கறவங்க யாருங்க?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். நான்தான் என்று சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்கிறது.

சிமெண்ட் விஷயம் படித்தேன். அந்த வாரம்தான் நான் உங்களைக் கேட்காமல் மெஷினுக்கு மோட்டார் மாட்டியிருந்தேன். அதற்குத்தான் பேசாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்து, எத்தனை வருஷம் மனசில் வைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

கோச் என்னை இங்கேயே சம்பளத்துக்கு இருக்கச் சொல்கிறாள். இன்னும் பதில் சொல்லவில்லை.

கிழித்துப் போடச் சொன்ன கடிதத்தைக் கிழிக்கவில்லை. கடைசி வரியில் தைலம் கேட்டிருக்கிறீர்கள், அதற்காக வைத்திருக்கிறேன்.

டெய்லரம்மா

•

ஏப்ரல் 29

அன்புள்ள டெய்லரம்மாவுக்கு,

உன் கடிதத்தை லாரி ஷெட்டில் வைத்து எல்லோருக்கும் வாசித்தேன். இரண்டு வரியை மட்டும் விட்டுவிட்டேன், அது எனக்கு. படகு சாய்ந்துகொண்டு போகிற இடம் வந்ததும் மெக்கானிக் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். காது கேட்காதவருக்குக் கடிதத்தையே கையில் கொடுத்தேன். உள்பட்டி விஷயத்தில் விரலை வைத்து மறுபடி படித்துவிட்டு, "இது எனக்குத் தோணலையே" என்றார். ஐம்பது வருஷம் தார்ப்பாய் தைத்த ஆள்.

கிளார்க்கிடமும் சொல்லிவிட்டேன், நீ எங்கே இருக்கிறாய், என்ன செய்கிறாய் என்று, கேட்காமலே.

நான் ஏன் இன்னும் உன்னோடு போனில் பேசாமல் இருக்கிறேன் என்று மகள் சண்டை போடுகிறாள். போனில் பேசினால் நீ சாப்பிட்டாயா என்பாய், நான் சாப்பிட்டேன் என்பேன், அதோடு முடிந்துவிடும்.

இன்னொன்று. அந்தக் கடற்கரைத் துறைமுகத்துக்கு நான் நாற்பது தடவையாவது லோடு கொண்டுவந்திருப்பேன். கேட்டில் சீட்டைக் காட்டுவேன், லோடு இறக்குவார்கள், வண்டியைத் திருப்புவேன். இரண்டு கிரேனுக்கு நடுவில் கொஞ்சம் தண்ணீர் தெரியும், அவ்வளவுதான். அடுத்த டிரிப் என்று நான் பொய் சொல்லவில்லை. உன்னைக் கூட்டிவந்து எதைக் காட்டுவது என்று எனக்கே தெரியாது. நானும் பார்த்ததில்லை.

சம்பளத்துக்கு இருக்க வேண்டுமென்றால் இரு. திரும்பி வா என்று நான் எழுதமாட்டேன்.

டிரைவர்

•

மே 7

என்னங்க,

சம்பளம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். கோச்சுக்கு வருத்தம்தான். பதிலுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு வாரம் கூடத் தங்கி, நர்ஸ் பெண்ணை உட்காரவைத்து ஒட்டுப் போடச் சொல்லிக்கொடுத்தேன். கையில் ஊசி நிற்கிறது அவளுக்கு, ஆள் உடம்பையே தைத்தவள்தானே. சம்பளம் வாங்கினால் மறுபடி ஒரே ஜன்னல் பக்கத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

அடுத்த இடம் பார்த்துவிட்டேன். மலையில் ஒரு பழத்தோட்டம். பழம் பறிக்கிற பைகளும் வலைகளும் தைக்க ஆள் வேண்டுமாம். வேனில் பழத்தை அடிவாரத்துக்கு இறக்க இன்னொரு ஆளும் வேண்டுமாம். வாரத்தில் மூன்று நாள், பகலில் மட்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே அறை.

உங்களுக்காக நான் சரி என்று சொல்லவில்லை. என் கணவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. டிரைவர் ஒருவரைத் தெரியும், அவரே எழுதுவார் என்றேன். மகளிடம் சொல்லி அவர்களுக்கு நீங்களே எழுதுங்கள். என்னைத் திரும்ப அழைத்துப்போவதற்காக வருவதானால் வர வேண்டாம். என் விருந்தாளியாக வருவதானாலும் வேண்டாம். அங்கே விருந்தாளி கிடையாது. வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் கட்டில்.

அறையில் அடுக்குக் கட்டில்தானாம். உங்கள் முழங்காலுக்குக் கீழ்க்கட்டில். நான் மேலே ஏறிக்கொள்கிறேன்.

டெய்லரம்மா

•

மே 20

அன்புள்ள டெய்லரம்மாவுக்கு,

பஸ் சாப்பாட்டுக்கு நிற்கிற இடத்திலிருந்து எழுதுகிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே தோட்டத்துக்கு வந்து சேர்ந்துவிடுவேன். இருந்தாலும் எழுதத் தோன்றியது.

தோட்டத்துக்கு மகள்தான் எழுதினாள், அவள் கேள்வி கேட்கக் கேட்க நானே பதில் சொன்னேன். தோட்டக்காரர், "மலை ரோட்டுல ஓட்டியிருக்கீங்களா?" என்று எழுதிக் கேட்டிருந்தார். மகள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. எத்தனை மலை, எத்தனை வருஷம் என்று முறையாக எழுதச் சொன்னேன். முழங்காலையும் மறைக்கவில்லை. மூட்டை தூக்கமாட்டேன், ஓட்டுவேன், தைப்பேன் என்று எழுதினேன். மூன்றாம் நாள் வரச்சொல்லிப் பதில் வந்தது. ஐம்பத்தொன்பது வயதில் ஒருவன் வேலை கேட்டு எழுதி, கிடைத்ததும் எழுந்து நின்றான் என்றால் உனக்குச் சிரிப்பு வரும்.

பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டு. பழக்கம், அவர் வளைவில் பிரேக் போடும்போதெல்லாம் என் காலும் சேர்ந்து அழுத்துகிறது. கண்ணாடியில் பார்த்துவிட்டார். "நீங்களும் நம்ம லைனா?" என்றார். ஆமாம், லாரி என்றேன். அப்புறம் பேச்சு வந்தது.

"எங்க, பொண்ணு வீட்டுக்கா?"

"இல்லைங்க, வேலைக்குப் போறேன்."

"இந்த வயசுலயா? யாரு சேத்து விட்டது?"

"எம் பொண்டாட்டிதான். அவ எனக்கு முன்னாடியே வெளியில கிளம்பிட்டா."

அவர் கியரை மாற்றினார். ஏற்றம் ஒன்று முடிந்தது. பிறகு, "அவங்க என்ன வேலை பாக்கறாங்க?" என்று கேட்டார்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். இந்த ஊர் வந்து பஸ் நிற்கிறவரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

டிரைவர்